கொச்சுமணியில் விழுந்த வெள்ளை

ரெபேக்காள் நெல் விதைக்கத் தொடங்கியது நாற்பத்தாறாவது வயதில். அதுவரை அவளுக்குத் தெரிந்தது முந்திரி வேலைதான். பாறசாலையிலிருந்து களியக்காவிளை போகும் வழியில் இருந்த ஒரு அண்டியாபீஸில் பதினேழு வயதில் சேர்ந்தாள். முந்திரி ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். முதலில் கொட்டை உடைத்தாள். அந்த எண்ணெய் பட்டு உள்ளங்கைத் தோல் கறுத்து உரிந்தது. பிறகு பருப்பின் மேல்தோலை உரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கடைசியாகத் தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தாள். முழுப்பருப்பு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், நொறுங்கல் ஒரு பக்கம் என்று பேச்சு நிற்காமலே தள்ளிவிடுவாள். கண் வேறு எங்கே இருந்தாலும் விரல் தவறாது.

அந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவள் பிரசீதா. அமரவிளைக்காரி. வயதில் ரெபேக்காளைவிட மிகவும் இளையவள், பேச்சில் மூத்தவள். மதியச் சோற்றை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தின்பார்கள். ஆலை வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் நிலைக்கு வந்து, ஒரு ஓணத்துக்கு அடைத்தவர்கள் திறக்காமலே விட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலை இல்லாதவர்களானார்கள்.

பிரசீதா அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, புட்டுமாவு இடித்து வறுத்துப் பாக்கெட் போடும் வேலையைத் தொடங்கினாள். ரெபேக்காளையும் கூப்பிட்டாள். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு, அந்த மெஷின் சத்தம் தலைக்குள் ஏறுகிறது என்று ரெபேக்காள் நின்றுவிட்டாள். மாவுக்கு நல்ல பச்சரிசி கிடைப்பதில்லை என்று பிரசீதா சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் அவள் மனதில் இருந்தது.

காரக்கோணத்துக்கும் அமரவிளைக்கும் நடுவே, வாழைத்தோட்டங்களுக்கு இடையில் மிச்சம் கிடந்த வயல்களில் ஒன்று பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சொந்தமானது. பல வருடங்களாகக் கோரை முளைத்துக் கிடந்தது. ரெபேக்காள் அதைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தாள். அவள் கணவர் செல்லையன் கொத்தனார். சுவர் கட்டினால் சுவர் அங்கேயே நிற்கும், நெல் அப்படியா என்று கேட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வரப்பை அவர்தான் வெட்டிக் கொடுத்தார்.

விதை செல்லையனின் தங்கை வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன நெல்லைத் தங்கள் தேவைக்கு மட்டும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். கொச்சுமணி என்று பெயர். மெல்லிய சின்ன மணி, வெள்ளை அரிசி. தீட்டிய அரிசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி உள்ளே தெரியும். மில்லில் கொடுத்தால் உடையாது. அதை ஊற வைத்து இடித்து வறுத்தால் மாவு ரவை ரவையாக நிற்கும். புட்டு உதிரி உதிரியாக வரும். பிரசீதா முதல் அறுவடையிலேயே பார்த்துவிட்டு, இனி இது முழுவதும் எனக்குத்தான் என்றாள்.

அதன் பிறகு ஐந்தாறு வருடம் அப்படியே போயிற்று. ஐப்பசி மழையில் நட்டு, தை கடைசியில் அறுப்பார்கள். கும்பப்பூ என்று அவர்கள் சொல்லும் போகம் அது. அறுத்த நெல் ஊரில் அரிசி மில் வைத்திருந்த ஷைஜுவிடம் போகும், அங்கிருந்து பிரசீதாவின் கொட்டகைக்கு. காரக்கோணத்தில் மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸும் நெய்யாற்றின்கரையில் இரண்டு ஹோட்டல்களும் அந்த மாவை விடாமல் வாங்கினார்கள். மாவுப் பாக்கெட்டின் மேல் ரெபேக்காளின் பெயர் இல்லை. அவள் அதைக் கேட்டதும் இல்லை. ஆனால் நெய்யாற்றின்கரைக்குப் போனால் அந்த ஹோட்டல்களில் ஒன்றில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

2023ஆம் வருடம் கால்வாய்த் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கோ கரை உடைந்திருக்கிறது என்றார்கள், வேலை நடக்கிறது என்றார்கள். மழையும் நேரம் தவறிப் பெய்தது. முதலில் போட்ட நாற்று மஞ்சளாகிக் காய்ந்தது. அவள் மறுபடியும் விதைத்தாள். கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் ஸ்டார் தொங்கவிட்ட வாரத்தில்தான் நட முடிந்தது. தை மாதம் அறுக்க வேண்டிய வயல் மாசி பாதியில் பூத்தது.

பயிரில் குற்றம் எதுவும் இல்லை. பூச்சி இல்லை, பதர் அதிகமில்லை. கதிர் எல்லாம் ஒரே நேரத்தில் சாய்ந்தது. மணி முற்றிக்கொண்டிருந்த பங்குனி மாதம்தான் கடுமையாக இருந்தது. அந்த வருடம் பகல் சூட்டைவிட ராத்திரிச் சூட்டைப் பற்றித்தான் ஊரில் பேசினார்கள். விடியற்காலையில்கூடக் காற்று குளிரவில்லை. செல்லையன் கட்டிலை விட்டு வராந்தாவில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தார். ஈஸ்டர் முடிந்த வாரம் அறுத்தார்கள்.

ஷைஜு மில்லில் நெல்லைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்தினான். ரெபேக்காளைக் கூப்பிட்டு, வந்து விழுந்திருந்ததைக் காட்டினான். பாதிக்குப் பாதி குருணை. ரப்பர் உருளையின் இடைவெளியை மாற்றிப் பார்த்தான், மெதுவாக ஓட்டிப் பார்த்தான். குருணை குறையவில்லை. ரெபேக்காள் உடையாத அரிசியில் கொஞ்சம் கையில் எடுத்து வாசலுக்கு வந்து பார்த்தாள். பெரும்பாலான மணிகளின் வயிற்றில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளை. சில மணிகள் முழுவதுமே வெள்ளை. நகத்தால் அழுத்தினால் அந்த இடத்தில் பொடிந்தது.

அப்படிப்பட்ட அரிசியை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வயலில் ராஜையா என்பவர் பயிரிடும் நெல்லின் அரிசி அப்படித்தான் இருக்கும். குட்டையான தடித்த மணி. உருண்டை என்று சொல்வார்கள். எந்த வருடம் அறுத்தாலும் அதன் வயிற்றில் வெள்ளை உண்டு. அவர் அதை அவித்துப் புழுங்கலாகத்தான் விற்பார்.

அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவதா என்று ரெபேக்காள் யோசித்தாள். பிறகு, பிரசீதாவே பார்க்கட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று பிரசீதா ஊரில் இல்லை. கொட்டகையில் இருந்த பெண்கள் வழக்கம்போல ஊற வைத்து இடித்துவிட்டார்கள். மாவு மைதா போல நைசாக விழுந்தது. வறுக்கும்போது கட்டி பிடித்தது. பாக்கெட் போட்டு அனுப்பியதில் மெஸ்ஸிலிருந்து முழுவதும் திரும்பி வந்தது. குழலிலிருந்து புட்டு வெளியே வரவில்லை, களி மாதிரி ஒட்டிக்கொண்டது என்று அங்கே சமைப்பவர் சொல்லி அனுப்பினார். ஹோட்டல்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாவு கேட்கவும் இல்லை.

பிரசீதா ரெபேக்காளின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கையில் ஒரு பாக்கெட் இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது கொச்சுமணி இல்ல."

"நான் வெதச்சது அதாக்கும்."

"இது ராஜையாண்ணனுக்க உருண்டை கலந்ததாக்கும். பாத்தாலே தெரியுவுல்லா. தெரிஞ்சு கலந்தியளோ தெரியாம கலந்தியளோ, அது எனக்குத் தெரியாது."

 தெரியாமல் என்று மட்டும் பிரசீதா சொல்லியிருந்தால் ரெபேக்காள் பேசியிருப்பாள். தெரிந்து என்ற சொல்லும் அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. பிரசீதா பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். இனி அரிசிக்குப் பாறசாலை மொத்தக்கடையில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெபேக்காள் பேசாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வருட அறுவடையில், கதிரடிக்கும் மெஷின் ராஜையாவின் களத்திலிருந்து நேராக அவள் களத்துக்கு வந்திருந்தது. உள்ளே உருண்டை கிடக்கும், துடைத்துவிட்டு ஓட்டு என்று அவள் சொன்னாள். மெஷின்காரன் சும்மா ஒரு தடவை ஓட்டிவிட்டு, எல்லாம் போயிற்று என்றான். மழை மூட்டம் இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அந்த நெல்லிலிருந்துதான் விதைக்கு எடுத்து வைத்தாள். இது பிரசீதாவுக்குத் தெரியாது. ரெபேக்காளுக்குத் தெரியும்.

செல்லையனிடம் சொன்னாள். மெஷினுக்குள் ஒரு கைப்பிடி கிடந்திருக்கும், அதற்கு வயல் முழுவதும் எப்படி வெள்ளையாகும் என்று அவர் கேட்டார். அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் வேறு காரணம் எதுவும் தெரியாதபோது தெரிந்த ஒரே காரணத்தைத்தான் அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. விதை ஒரு தடவை கெட்டுவிட்டால் பிறகு கெட்டதுதான் என்று நினைத்தாள். நாத்தனார் வீட்டில் கேட்டால் வேறு விதை கிடைக்கும். கேட்கப் போனால் முதலில் கொடுத்தது என்னவாயிற்று என்று சொல்ல வேண்டிவரும்.

மிச்சம் இருந்த நெல்லை என்ன செய்வது என்று ஷைஜுதான் சொன்னான். அவிச்சுக் கொண்டு வாங்க அக்கா, உடையாது என்றான். விதைக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ரெபேக்காள் பின்முற்றத்தில் அண்டா வைத்து நெல்லை அவித்துக் காயப்போட்டாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. புழுங்கலாகத் தீட்டியபோது மணிகள் முழுசாக விழுந்தன. வயிற்றில் இருந்த வெள்ளையைக் காணோம். சபைக்கு வருகிற சில வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். சோறு நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும், கெட்ட அரிசியை அவித்து மறைத்து விற்கிறாள் என்று இன்னொருத்தியிடம் சொன்னதாக ரெபேக்காளின் காதுக்கு வந்தது. காஞ்சிரங்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்த அவள் மகள் சுஜி போனில் அழைத்து, இந்த வயல் வேலையை விட்டுவிடு அம்மா என்றாள். ரெபேக்காள் பேச்சை மாற்றினாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் அவள் வெள்ளை விழுந்த அந்தப் பச்சரிசியில் கொஞ்சமும், அதே நெல்லில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு விவசாய அலுவலகமான கிருஷிபவனுக்குப் போனாள். அங்கே நீது என்று ஒரு இளம் பெண் அதிகாரியாக வந்திருந்தாள். கொல்லத்துக்காரி. மலையாளத்தில்தான் பேசினாள், ரெபேக்காள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பதில் சொன்னாள்.

நீது அரிசியை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ரெபேக்காள் எதிர்பார்த்தது என்ன விதை என்ற கேள்வியை. நீது கேட்டது எப்போது பூத்தது என்று. மாசி பாதியில் என்றதும், மற்ற வருடங்களில் எப்போது பூக்கும் என்று கேட்டாள். மார்கழியில் என்றாள் ரெபேக்காள்.

அதன் பிறகு நீது விளக்கினாள். பூத்த பிறகுதான் மணிக்குள் மாவு நிறைகிறது. குளிர்ந்த ராத்திரிகளில் அது மெதுவாக, நெருக்கமாக நிறையும். அப்படி நிறைந்த மணி வெளிச்சத்தை உள்ளே விடும், கண்ணாடி போலத் தெரியும். ராத்திரியிலும் சூடாக இருந்தால் மாவு அவசர அவசரமாக நிறைந்து, துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் மணிக்குப் பலம் இல்லை, அதனால் மில்லில் உடைகிறது. அவிக்கும்போது மாவு வெந்து வீங்கி அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. அதில் மறைக்கிற வேலை எதுவும் இல்லை. சூட்டில் விளைந்த அரிசியின் மாவுக்கு ஒட்டுகிற குணமும் கூடும்.

சில நெல்லுக்கு வயிற்று வெள்ளை பிறவியிலேயே உண்டு என்றும் நீது சொன்னாள். அது பரம்பரையாக வரும், எந்தக் காலத்தில் விதைத்தாலும் வரும். சூடு வந்தால் அதற்கும் கூடும். உங்கள் மணியில் இருப்பது சூட்டில் வந்ததா, கலப்பில் வந்ததா என்று வெறுமே பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றாள்.

ரெபேக்காள் அப்போது மெஷின் சங்கதியைச் சொன்னாள். கணவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. நீது கேட்டுவிட்டு, வயலில் இரண்டு உயரமாகச் செடிகள் நின்றதா, முன்னும் பின்னுமாகப் பூத்ததா என்று விசாரித்தாள். அப்படி நின்றதாக ரெபேக்காளுக்கு நினைவில்லை. அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அப்படியானால் விதைத்துப் பார்ப்பதுதான் வழி என்றாள் நீது. இருப்பதிலேயே வெள்ளை அதிகமான மணிகளை எடுத்துத் தனியாக விதையுங்கள், நேரத்துக்கு நடுங்கள், பக்கத்திலேயே உருண்டையும் ஒரு வரிசை நிற்கட்டும் என்றாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளை உமிக்குள்ளே இருக்கிறது. உமியோடு பார்த்தால் தெரியாது. மில்லில் உமி நீக்கினால் முளை போய்விடும். கையால் உரித்தால் முளைக்குமா என்று ரெபேக்காள் கேட்டாள். முளையைத் தொடாமல் உரித்தால் முளைக்கும், ஆனால் சீக்கிரம் அழுகும், ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள் என்றாள் நீது.

புரட்டாசிக் கடைசியில் ரெபேக்காள் நெல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக நகத்தால் உரித்தாள். முந்திரித் தோல் உரித்த விரல்களுக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. தெளிந்த மணிகளைக் கோழிக்குப் போட்டாள். வயிறு வெளுத்தவற்றை மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் சேர்த்தாள். செல்லையன் வேலை முடிந்து வந்து பார்த்தார்.

"எட்டி, நல்ல வெதய கோழிக்குப் போட்டுட்டு கெட்டதயா எடுத்து வைக்குத?"

"கெட்டதுதானான்னு தெரியணும்லா."

ஈரத்துணியில் வைத்ததில் சில பூஞ்சணம் பிடித்தன. மற்றவை முளைத்தன. அவற்றை மண் போட்ட தட்டில் வளர்த்தாள். அந்த வருடம் தண்ணீர் சரியாக வந்தது. வயலின் பெரும் பகுதியில் அதே நெல்லை வழக்கம்போல நாற்றுவிட்டு நட்டாள். வேறு விதை அவளிடம் இல்லை. மடை ஓரத்தில் ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, வெள்ளை மணியிலிருந்து வந்த நாற்றை அங்கே நட்டாள். அதையொட்டி, ராஜையாவிடம் கேட்டு வாங்கிய உருண்டை. எதற்கு என்று ராஜையா கேட்டார். பார்க்கத்தான் என்றாள். அவர் நெல் கலந்துவிட்டது என்று பிரசீதா சொன்னது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

கயிறு கட்டிய மூலையை அவள் தினமும் பார்த்தாள். வெள்ளை மணியிலிருந்து வந்த செடிகள் ஒல்லியாக உயர்ந்தன. உருண்டையின் தூர் தடித்துக் குட்டையாக நின்றது. பூக்கும் முன்பே வித்தியாசம் தெரிந்துவிட்டது. மூலையில் நின்றவை எல்லாமே கொச்சுமணிதான்.

பெரிய வயலில் களை எடுத்துக்கொண்டு போனபோது வேறொன்றும் கண்டாள். கொச்சுமணிக்கு நடுவே அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சில உருண்டைத் தூர்கள் நின்றன. ஒரு கையில் பிடித்துவிடலாம், அவ்வளவுதான். ஆனால் நின்றன. அவற்றைப் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

மார்கழியில் பூத்தது. அந்த மாதம் காலையில் வயலுக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தை கடைசியில் மூலையை மட்டும் அரிவாளால் முதலில் அறுத்தாள். வரப்பிலேயே உட்கார்ந்து சில மணிகளை உரித்துப் பார்த்தாள். மணி தெளிவாக இருந்தது. இன்னும் சில உரித்தாள். அங்கொன்றில் ஒரு பொட்டு வெள்ளை இருந்தது, மற்றதெல்லாம் கண்ணாடிதான். பிறகு உருண்டையை உரித்தாள். அதன் வயிற்றில் வெள்ளை அப்படியே இருந்தது, கொஞ்சம் சிறுத்திருந்தது.

 வீட்டுக்கு வந்து செல்லையனிடம் மணிகளைக் காட்டினாள். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இதைப் போய் அவளிடம் காட்டு என்றார். நீதுவுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். நீது போனில் படம் எடுத்துக்கொண்டாள். விதையில் கோளாறு இல்லை, காலத்தில்தான் கோளாறு என்று அவள் சொன்னபோது, கொஞ்சம் கலப்பும் இருந்தது என்று ரெபேக்காள் திருத்தினாள்.

பிரசீதாவிடம் போக அவள் அவசரப்படவில்லை. முழு வயலும் அறுத்து, ஷைஜு தீட்டிக் கொடுத்து, உடையாமல் அரிசி விழுவதைப் பார்த்த பிறகுதான் ஒரு பையில் எடுத்துக்கொண்டு அமரவிளைக்கு பஸ் ஏறினாள். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. கொட்டகையில் புது மெஷின் நின்றது. மொத்தக்கடை மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

பிரசீதா அரிசியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இது பழைய விதையா, புதிதா என்று கேட்டாள்.

"அன்னைக்கு நீ கொண்டு வந்து மேசையில வச்சியே, அதே நெல்லுக்கப் பிள்ளையாக்கும் இது. சூட்டுல முத்துனதுனால வெளுத்து போச்சு. குளிருல முத்துனப்ப தெளிஞ்சுட்டு."

பிரசீதா நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. ஊற வைத்தாள். ஊறுகிற நேரத்தில் இரண்டு பேரும் சுஜியைப் பற்றியும், பிரசீதாவின் மாமியாருக்குக் காரக்கோணத்தில் கண்ணுக்கு ஆபரேஷன் செய்ததைப் பற்றியும் பேசினார்கள். பிறகு இடித்து, வறுத்து, கொட்டகையிலேயே அடுப்பு வைத்துப் புட்டு அவித்தார்கள். குழலைச் சாய்த்ததும் புட்டு நழுவி விழுந்து தட்டில் உதிர்ந்தது. பிரசீதா ஒரு பிடி தின்றாள். மற்றப் பெண்களுக்கும் கொடுத்தாள்.

"தெரிஞ்சு கலந்தியளோன்னு நான் கேட்டிருக்கப்பிடாது, அக்கா."

"தெரியாம கொஞ்சம் கலந்துதான் இருந்துது, மக்கா. வயலுல நாலஞ்சு தூரு நின்னுது. பிடுங்கிப் போட்டேன். ஆனா வெள்ளை அதுனால இல்ல."

இதைச் சொல்ல வேண்டியதில்லையே என்பது போல பிரசீதா அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

பழைய ஏற்பாடு அப்படியே திரும்பி வரவில்லை. மெஸ்ஸுக்கு எல்லா மாதமும் ஒரே மாதிரி மாவு வேண்டும், மொத்தக்கடை அரிசியில் அது கிடைக்கிறது, இனி அதை மாற்ற முடியாது என்று பிரசீதா சொன்னாள். கொச்சுமணியை வேறு பாக்கெட்டாக, இருக்கும் வரைக்கும் விற்கலாம் என்றாள். ரெபேக்காள் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் மனக்குறை இருந்தது என்று செல்லையன் சொல்கிறார். முன்பு இரண்டு பேரும் அடிக்கடி போனில் பேசுவார்கள், இப்போது காரியம் இருந்தால்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஐப்பசி மாதம் பிறந்ததும், தண்ணீர் வந்ததா, நட்டாகிவிட்டதா என்று பிரசீதா ஒரு தடவை அழைப்பாள். முன்பெல்லாம் அவள் அதைக் கேட்டதில்லை.

ரெபேக்காள் சில விஷயங்களை மாற்றிக்கொண்டாள். மெஷின் களத்துக்கு வந்தால் மூடியைத் திறந்து உள்ளே தானே கையால் வழித்துப் பார்த்த பிறகுதான் ஓட்டவிடுகிறாள். விதைக்கு எடுக்கும் கதிரை மெஷினில் போடுவதே இல்லை. தனியாக அறுத்துப் பலகையில் அடிக்கிறாள். தண்ணீர் தாமதமானால் அந்த வருட நெல்லைப் பச்சரிசிக்குக் கொடுப்பதில்லை, அவித்துவிடுகிறாள். கேட்பவர்களிடம் அதைச் சொல்லியே விற்கிறாள்.

கொச்சுமணி நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு இப்போது சிலர் விதைக்கு வருகிறார்கள். போன மார்கழியில் காஞ்சிரங்குளத்திலிருந்து சுந்தரதாஸ் என்று ஒருவர் வந்தார். சுஜியின் கணவர் வீட்டுக்குத் தெரிந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போது நடப்போகிறீர்கள் என்று ரெபேக்காள் கேட்டாள். மோட்டார் வைத்துவிட்டு, தை பாதிக்கு மேல் என்றார் அவர். அப்படியானால் இது வேண்டாம், மணி முற்றும்போது நல்ல வெயில் காலமாகிவிடும் என்றாள். விதை நல்லதென்றால் எப்போது போட்டாலும் நல்லதுதானே, இருக்கிறதா இல்லையா என்று அவர் கொஞ்சம் சூடாகவே கேட்டார்.

ரெபேக்காள் உள்ளே போய் விதை எடுத்து வந்தாள்.

"உண்டு. தாறேன். புட்டுக்குன்னு நெனச்சு கொண்டு போவாதீங்க. அவிச்சு சோறாக்கணும்."

அவர் சரி என்றார். பையை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போனார். அவர் அதை எப்போது நட்டார், பச்சையாகத் தீட்டினாரா அவித்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. சுஜியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.